யார் வீட்டுக் குப்பை, யார் வீட்டு வாசலில்?

திண்டுக்கல்லில் காலையில் குப்பை வண்டி வரும். வாசலில் நின்று வாளியை நீட்டுவார்கள். வண்டி நகர்ந்ததும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அந்தக் குப்பை எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையில்லாத வாழ்க்கை அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. வண்டியில் நிற்பவர்களின் தெருவில் போய்க் கேட்டால் சின்னக் குழந்தைகூடச் சொல்லும்: முருகபவனம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இரண்டு லட்சம் பேரைத் தாண்டிய ஊர் இது. 2014இல் மாநகராட்சி ஆனது. ஊர் கழித்துப்போட்டது பல ஆண்டுகளாக முருகபவனம் கிடங்கில் மலையாகக் குவிந்தது. அங்கே தீப்பிடித்ததையும் புகை சூழ்ந்ததையும் நாளிதழில் நாம் படித்திருக்கிறோம். சென்னை பெருங்குடி 2022 ஏப்ரலில் எரிந்தது. கோவை வெள்ளலூர் 2024 ஏப்ரலில் எரிந்தது.

ஒவ்வொரு தீ அணைந்த பிறகும் இரண்டு தீர்வுகள் பேசப்படும். ஒன்று, சுகாதார முறையில் அமைக்கும் நிலநிரப்பு. மற்றொன்று, குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் எரிஉலை. சமவெளிக் கிராமங்களில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புகளுக்கு வரும் மாணவர்கள் ஒருநாள் கேட்டார்கள்: "இதுல எது நல்லது? எதை எதிர்க்கணும், எதைக் கேக்கணும்?" அவர்களுக்கு நாங்கள் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் நிலநிரப்பு. குழியில் குப்பையைக் கொட்டி மேலே மண்ணைத் தள்ளிவிட்டால் அது நிலநிரப்பு ஆகிவிடாது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கேட்டவற்றைப் படியுங்கள். அடியில் 90 சென்டிமீட்டர் களிமண் அடுக்கு வேண்டும். அதன் மேல் 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும். கசிவுநீரைப் பிடித்துச் சுத்திகரிக்க வேண்டும். தினமும் 10 சென்டிமீட்டர் மண் போட்டு மூட வேண்டும். கிடங்கை மூடிய பிறகும் 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். குடியிருப்பு, குளம், குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மட்கவோ மறுசுழற்சி செய்யவோ முடியாத மிச்சம் மட்டும்தான் அங்கே போக வேண்டும்.

இந்த விதிகளில் ஒன்று தவறினாலும் விலை கொடுப்பது கிணறுதான். திண்டுக்கல் மண்ணுக்கு இது தெரியாததல்ல. இது கடும்பாறைப் பூமி. பாறை வெடிப்பில் ஓடும் தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம். தோல் ஆலைக் கழிவு இறங்கி நம் கிணறுகள் உவர்த்துப்போன வரலாறு நம் பெற்றோருக்குத் தெரியும். தோல் ஆலை மாசு குறித்து 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தோடு திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் இருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. தீர்ப்பு வந்தது. கிணற்றுக்குப் பழைய தண்ணீர் வரவில்லை.

அடுத்து எரிஉலை. கேட்க நன்றாக இருக்கும்: குப்பையும் ஒழியும், கரண்டும் கிடைக்கும். ஆனால் நம் வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி சோறு, காய்கறித் தோல், இலை. ஈரம். ஈர விறகு அடுப்பில் என்ன செய்யும் என்று நம் அம்மாக்களைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி உலையின் இரண்டாவது அறையில் 950 டிகிரி செல்சியஸ் வெப்பம் நிற்க வேண்டியிருந்தது. ஈரக் குப்பை அந்த வெப்பத்தை இறக்கும். பிவிசி போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக்கைச் சரியாக எரிக்காவிட்டால் டையாக்சின் என்னும் நஞ்சு பிறக்கும். அது மண்ணில், மேயும் மாட்டில், பாலில் சேரும். எரித்த பிறகும் குப்பை மறைந்துவிடாது. எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அதைக் கொட்ட மறுபடியும் ஒரு நிலநிரப்பு வேண்டும். கொடுங்கையூரில் எரிஉலை வரப்போகிறது என்றதும் 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றது இதற்காகத்தான்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு நிபந்தனை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். குப்பை தரம் பிரிந்து வர வேண்டும். பிரியாமல் வந்தால் நிலநிரப்பு நாறும். எரிஉலை நஞ்சைக் கக்கும். எத்தனை கோடி கொட்டி இயந்திரம் வாங்கினாலும் அதன் அடியில் இந்தக் கேள்வி இருக்கிறது: பிரிப்பது யார்?

2016ஆம் ஆண்டு விதிகளே தெளிவாகக் கூறின. குப்பையை உண்டாக்குபவரே மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டிலுள்ள அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நாப்கினையும் டயப்பரையும் சுற்றிக் கொடுக்க வேண்டும். நடப்பது வேறு. எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு பெண்ணின் அம்மா தூய்மைப் பணியாளர். உடைந்த பாட்டில் கிழித்த தழும்பு அவர் உள்ளங்கையில் இருக்கிறது. "நாப்கினைத் தாளில் சுற்றித் தனியா குடுங்கம்மா" என்று ஒரு வீட்டில் கேட்டிருக்கிறார். "அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்" என்று பதில் வந்திருக்கிறது.

தோழர்களே, அந்த ஒரு வரியில் மொத்தச் சாதியும் இருக்கிறது. தன் உடம்பிலிருந்து வந்ததைத் தானே சுற்றிக் கொடுப்பது அந்த வீட்டுக்குத் தீட்டு. அதைப் பிரிப்பதற்கென்றே பிறந்த கை ஒன்று வெளியே இருக்கிறது என்ற நம்பிக்கை. நம் பகுதியில் அந்தக் கை பெரும்பாலும் அருந்ததியர் கை. குப்பையைக் கலந்து கொடுப்பது சோம்பேறித்தனம் என்று சுற்றுச்சூழல் கூட்டங்களில் சொல்கிறார்கள். நாங்கள் அதைத் தீண்டாமை என்கிறோம்.

கையைப் போலவே இடமும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1979இல் ராபர்ட் புல்லர்ட் என்ற சமூகவியலாளர் குப்பைக் கிடங்குகளைக் கணக்கெடுத்தார். நகர நிர்வாகத்தின் ஐந்து நிலநிரப்புகளும், எட்டு எரிஉலைகளில் ஆறும் கறுப்பின மக்களின் பகுதிகளில் இருந்தன. நகர மக்களில் அவர்கள் கால்வாசிதான். சமூகவியல் வகுப்பில் இதைப் படித்தபோது எங்களுக்கு வியப்பு வரவில்லை. ஊர் என்றும் சேரி என்றும் பிரித்துவைத்த நாட்டில், ஊருக்கு வெளியே என்றால் அது யாருக்குப் பக்கத்தில் என்று நமக்குத் தெரியாதா? 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறோம். சொல்லுக்குப் பக்கத்திலிருக்கும் குப்பை மேடும் நீங்க வேண்டும்.

ஆகவே உங்கள் பகுதிக்கு நிலநிரப்போ எரிஉலையோ வருகிறது என்றால், எது நல்லது என்ற விவாதத்துக்குள் போகும் முன் சில கேள்விகளைக் கையில் எடுங்கள். 200 மீட்டர் என்று அளக்கிறார்களே, அளவுநாடாவை எங்கிருந்து பிடிக்கிறார்கள், ஊரின் கடைசி வீட்டிலிருந்தா, நம் தெருவின் கடைசி வீட்டிலிருந்தா? அந்த நிலம் 1892 அரசாணையின்படி நமக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலமா? பதிவேட்டைக் கேளுங்கள். சுற்றியுள்ள கிணறுகளின் நீரை இப்போதே பரிசோதித்து வைத்தார்களா? உள்ளே வரும் குப்பையில் எத்தனை பங்கு தரம் பிரிந்தது? வேலை செய்பவருக்குக் கையுறை, காலணி, முகக்கவசம் உண்டா? தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கிராம சபையும் இதற்காகத்தான் இருக்கின்றன. பதில் எழுத்தில் வரட்டும்.

நம்மவர்களே கேட்கும் இன்னொரு கேள்வியும் உண்டு. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்கள். தனியாரிடம் விடாதே, பணியை நிரந்தரமாக்கு என்றார்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அப்போது, நிரந்தரம் கேட்பது அந்த மக்களை அந்தத் தொழிலிலேயே கட்டிப்போடாதா என்று ஒரு விவாதம் எழுந்தது. எங்கள் நிலைப்பாடு இது. இன்று அந்த வேலையில் நிற்கும் அம்மாவுக்கு நிரந்தரப் பணியும் முழுச் சம்பளமும் வேண்டும். அந்தச் சம்பளத்தில்தான் மகள் கல்லூரிக்குப் போகிறாள். சம்பளத்தைக் குறைத்து யாரையும் சாதித் தொழிலிலிருந்து விடுவிக்க முடியாது. கூடவே, அந்த வேலையிலிருக்கும் இழிவை நீக்க வேண்டும். அது நீங்க ஒரே வழி, ஒவ்வொரு வீடும் தன் குப்பையைத் தன் கையால் பிரிப்பது.

விடுதியிலும் அறையெடுத்தும் தங்கிப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. உங்கள் அறையில் நாளை மூன்று வாளி வையுங்கள். உடன் தங்கியிருப்பவர் எந்தச் சாதியாக இருந்தாலும் பிரித்துப் போடச் சொல்லுங்கள். யார் முகம் சுளிக்கிறார்கள், யார் "இது என் வேலையில்லை" என்கிறார்கள் என்று பாருங்கள். வாதத்தை அங்கேயே தொடங்குங்கள்.

ஜெய் பீம்.