தம்பி சிறையில் இருக்கிறான்

தம்பி கொலை வழக்கில் கைதாகிவிட்டான். பல வருடங்களாக அவனுக்கு மனச்சிதைவு நோய். ஊர் பேசுவதை நிறுத்த முடியாது. செய்ய முடிந்ததைச் செய்தேன். அதுதான் என்னை விழாமல் வைத்திருக்கிறது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: பழைய மருந்துச் சீட்டுகளை நகலெடுத்து வக்கீலிடமும் சிறை மருத்துவரிடமும் கொடுங்கள். மாத்திரை நிற்கக் கூடாது. வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100க்கு அழைக்கலாம். நோய் இருந்தாலே விடுதலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதா 22ஆம் பிரிவின்படி, அந்தச் செயலின்போது, செய்வது இன்னதென்றோ தவறென்றோ அறிய முடியாத நிலையில் இருந்ததைக் காட்ட வேண்டும். சிகிச்சை ஆவணங்கள் அதற்குத்தான் முக்கியம்.

இறந்தவர் வீட்டுத் துக்கத்துக்கு முன்னால் என்னிடம் எந்த நியாயமும் இல்லை. ஆனாலும் அவன் என் தம்பி. மனு போட்டுப் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். தூக்கம் வராத இரவுகளில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, குடும்பத்தாரும் பேசலாம்.

என்ன உதவி வேண்டும் என்று கேட்கிறீர்கள். வீட்டுக்கு வாருங்கள், அம்மாவோடு டீ குடியுங்கள். வழக்கைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.