ஆடாத தலைப்பு

நான் பி.காம். படித்தவன். டெபிட், கிரெடிட் எல்லாம் கொஞ்சம் தகராறுதான். ஆனாலும் 2008-ல் ஓர் ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்த ஒரே வாரத்தில் எனக்கு ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள். காரணம், வேர்ட்ஆர்ட்!

பழைய எம்.எஸ். வேர்டில் குப்பை கொட்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சாய்ந்த 'ஏ' எழுத்து போட்ட பட்டனை அமுக்கினால், வரிசைக்கு 6 வீதம் 5 வரிசை... மொத்தம் 30 டிசைன்கள் விரியும். வில்லாக வளைவது, பின்னால் நிழல் விழுவது, பாம்பாக நெளிவது, வானவில் கலரில் பல்லைக் காட்டுவது! ஒன்றைத் தொட்டு, வார்த்தையை அடித்து, ஓகே கொடுத்தால் தலைப்பு ரெடி. ஆயுத பூஜை அழைப்பிலிருந்து, 'குழாயைச் சரியாக மூடவும்' வரைக்கும் என் கைவண்ணம்தான்.

தமிழில் மட்டும் ஒரு வில்லங்கம். யூனிகோடு வந்திருந்தது, எங்கள் ஆபீசுக்குத்தான் வரவில்லை. பாமினி ஃபான்ட்டில் அடிப்போம். இங்கிலீஷ் எழுத்துக்குத் தமிழ் வேஷம் கட்டிய ஃபான்ட் அது. வேர்ட்ஆர்ட்டோ டிசைனுக்குத் தகுந்தபடி இம்பாக்ட், ஏரியல் பிளாக் என்று தானாக ஒன்றை மாட்டிவிடும். 'கண்' என்று அடித்தால் வேஷம் கலைந்து, 'எஃப், இசட், செமிகோலன்' என்று நிற்கும். மறுபடி பாமினியைத் தேடிப் பிடித்து மாட்ட வேண்டும்.

எல்லோரும் பாராட்டினார்கள், ஹெட் கிளார்க் சாரைத் தவிர. பேங்க் லோனுக்குப் போக வேண்டிய பாலன்ஸ் ஷீட்டுக்கு ஒருமுறை வானவில் தலைப்பு வைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, நாம கடன் கேட்கப் போறோமா, கச்சேரிக்குக் கூப்பிடப் போறோமா?"

"பளிச்சுனு இருக்கட்டுமேன்னுதான் சார்..."

"தலைப்பு ஆடினா, கீழே இருக்கற கணக்கும் ஆடற மாதிரி தெரியும்ப்பா. சும்மா கறுப்புல நடுவுல போடு. அலங்காரம்னா மொத்தத்துக்குக் கீழே ரெண்டு கோடு. அது போதும். கணக்கு முடிஞ்சுது, டாலி ஆயிடுச்சுன்னு அர்த்தம்."

'பழைய பஞ்சாங்கம்' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே மாற்றினேன்.

அடுத்த வருஷம் ஒருநாள் ராத்திரி ஏழு மணி. ஆபீசைப் பூட்டப் போகும் நேரத்தில் ஹெட் கிளார்க்கின் பையன் வந்து நின்றான். காலேஜில் பி.காம். இரண்டாம் வருஷம். கையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

"அண்ணா... அப்பா போயிட்டார். மத்தியானம் நெஞ்சு வலின்னார். காலையில எடுக்கறோம். தெருவுல ஒட்டறதுக்கு..."

அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. எனக்கும்தான்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். பழக்கதோஷம்... கை தானாக அந்தச் சாய்ந்த 'ஏ'யை அமுக்கிவிட்டது. 30 டிசைன்களும் பல்லிளித்தன. எதையோ தொட்டு, 'கண்ணீர் அஞ்சலி' என்று அடித்தேன். வழக்கம்போல இங்கிலீஷ் எழுத்தில் ஏதோ பினாத்தியது. பாமினியை மாட்டினேன். இப்போது தமிழ் வந்தது. வானவில் நிறத்தில், நெளிந்துகொண்டு!

பையன் ஸ்கிரீனைப் பார்த்தான். எதுவும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டான். நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது. முப்பது டிசைனில் அழத் தெரிந்தது ஒன்றுகூட இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அழித்தேன். வெறும் கறுப்பில், கொஞ்சம் பெரிய எழுத்தில், நடுவில் அடித்தேன். கீழே போட்டோ. அதற்குக் கீழே அவர் பெயர். பெயருக்குக் கீழே, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இரண்டு கோடு.

"அப்பா போடற மாதிரியே இருக்குண்ணா" என்றான் பையன். அப்புறம்தான் அழுதான்.

2010 வேர்டில் அந்தப் பழைய டிசைன்களை மாற்றிவிட்டார்கள். நான் அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே கைகழுவிவிட்டேன்.

மறுநாள் சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது ஆடிட்டர் என் தோளில் கை போட்டார்.

"நோட்டீஸ் நல்லா இருந்ததுப்பா. யார் டிசைன்?"

"ஹெட் கிளார்க் சாரோடதுதான்" என்றேன்.