எஸ்.ஐ. நாயகர்களுக்கு நடுவே ஒரு நோட்டரி

2022-இல் வந்த ‘விலங்கு’, ‘சுழல்’, ‘வதந்தி’ மூன்றிலும் நாயகர் ஒரு எஸ்.ஐ.தான். காவல் நிலையத்துக்குள் இருந்தபடி குற்றத்தைப் பார்க்கச் சொன்ன தொடர்கள். 2025 ஜூலையில் ஜீ5-இல் வந்த, பாலாஜி செல்வராஜ் இயக்கிய ‘சட்டமும் நீதியும்’ அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறது. மகளைக் காணோம் என்ற புகாரைக் காவல்துறை வாங்கவில்லை. தகப்பன் நீதிமன்ற வளாகத்திலேயே தீக்குளிக்கிறார். சரவணன் நடித்த நோட்டரி வழக்கறிஞர் வழக்கைக் கையில் எடுக்கிறார்.

ராஜபாளையத்திலிருந்து சாட்சிகளோடு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்கு பஸ் ஏறும் எங்களுக்கு இது தெரிந்த கதை. அடித்தவன் யாரென்று ஊருக்கே தெரியும், எஃப்.ஐ.ஆர். எப்போது வரும் என்பதுதான் எங்கள் மக்களுக்கு மர்மம். முதலில் கைக்கு வருவது ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமென்றால் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வேண்டுமென்றே கடமை தவறும் பட்டியல் சமூகத்தவரல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. அதை எடுத்துச் சொன்னால், “நீங்க வக்கீலா?” என்பார்கள்.

இந்த அளவுக்குத் தொடர் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது, மகிழ்ச்சி. ஆனால் சீக்கிரமே அதுவும் தனிமனித வீரமாகிவிடுகிறது. எங்கள் வழக்குகளைத் தாங்குவது வாய்தாவுக்கு வாய்தா கூலியை விட்டு வந்து நிற்கும் சாட்சிகள். அவர்களுக்குப் பயணப்படியும் தினப்படியும் 11-ஆம் விதிப்படி உண்டு. கேட்டு வாங்குங்கள், தோழர்களே. அந்தக் காத்திருப்பை ஒரு முழு எபிசோடாக நாங்கள் இன்னும் எதிலும் பார்க்கவில்லை.