அயிரை

மகனின் பத்தாவது பிறந்தநாளுக்கு அவன் அப்பா ஒரு ஆமைக்குட்டி வாங்கிவந்தார். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கீற்று. கூடவே ஒரு டப்பா காய்ந்த இறால்.

"ஆமை புகுந்த வீடு விளங்குமாடா?" என்றார் மாமியார். எனக்கு அந்தப் பேச்சு புதிதல்ல. கல்யாணமான வருஷம் மாமனாரின் வியாபாரம் படுத்துவிட்டது. அப்போது புகுந்தது நான்.

மகனின் ஆர்வம் ஒரு மாதம் தாங்கியது. பிறகு தண்ணீர் மாற்றுவது, தொட்டி கழுவுவது, இரை போடுவது எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தன. யாரும் சொல்லி வரவில்லை. துளசிச்செடியும் மாமனாரின் சர்க்கரை மாத்திரையும் வந்த வழியிலேயே இதுவும் வந்தது. காலையில் குக்கர் மூன்றாவது விசில் விடுவதற்குள் நாலு இறாலைப் போட்டுவிட்டு, காளவாசல் சிக்னலில் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க ஓடுவேன்.

எட்டாவது மாதம் அதன் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. ஓட்டை அழுத்தினால் ஊறிய அட்டைபோல் அமுங்கியது. "ஏதாவது கண்மாயில விட்டுரலாம்" என்றார் கணவர். இது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து இனம். போன நாடுகளில் உள்ளூர் ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், உலகின் மோசமான 100 அந்நிய உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறது. அதெல்லாம் பிறகு படித்தது. அன்றைக்குத் தோன்றியது, நோயாளியைக் கொண்டுபோய்த் தண்ணீரில் விடுவதா என்பதுதான். கூடையில் ஈரத்துணி விரித்து ஆட்டோ பிடித்தேன்.

கால்நடை மருத்துவர் இளம்பெண். "என்ன சாப்பாடு போடுறீங்க மேடம்?"

"இறால்."

"வேற?"

"டப்பாவுல ஆமை உணவுன்னுதான் போட்டிருக்கு."

அவர் கோபப்படவில்லை. ஒரே தீனியைத் தின்றதில் வைட்டமின் ஏ போதாமல் கண் வீங்கியிருக்கிறது என்றார். சுண்ணாம்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். அதை ஆமை வெயிலின் புற ஊதாக் கதிரைக்கொண்டு தோலில் தானே தயாரித்துக்கொள்ளும். நான் தொட்டியைச் சன்னலோரம்தான் வைத்திருந்தேன். ஆனால் அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுமாம். குட்டியாக இருக்கும்வரை மீனும் மண்புழுவும் கூடுதலாக, வளர வளர இலைதழை கூடுதலாக. அயிரை, நெத்திலி மாதிரிச் சின்ன மீன் என்றால் முள்ளோடு முழுசாக. கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு துருவல். பாலக்கீரை அடிக்கடி வேண்டாம், அதன் ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச்சத்தைச் சேரவிடாது. ஒரு வேளைக்கு அதன் தலையளவு தீனி போதும். தண்ணீருக்குள் வைத்துத்தான் அதனால் விழுங்க முடியும். தொட்டியில் ஒரு கணவாய் ஓடு கிடக்கட்டும், கடித்துக்கொள்ளும். தொட்டியை அடுப்படியில் கழுவக்கூடாது, சால்மோனெல்லா கிருமி பரவும். (அதற்காகவே அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக்குட்டிகளை விற்க 1975இல் தடை போட்டார்கள். நான் அதுவரை பாத்திரத் தொட்டியில்தான் கழுவிக்கொண்டிருந்தேன்.)

வகுப்பில் ஐங்குறுநூற்றின் 44ஆம் பாட்டை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். பொய்கையில் ஆமைக்குஞ்சு தாயின் முகத்தைப் பார்த்தே வளர்கிறது. தலைவிக்குத் தலைவனின் மார்பு அப்படி என்பது பொருள். அழகான உவமைதான். ஆனால் பெரும்பாலான ஆமைத் தாய்கள் குஞ்சின் முகத்தைப் பார்ப்பதில்லை. மண்ணைத் தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டுத் தண்ணீருக்குத் திரும்பிவிடும். போகிறவளைப் புலவருக்குப் பிடிக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டார். முகம் பார்த்தே வளரும் என்பதால் தீனி பற்றிப் பாட்டில் பேச்சே இல்லை.

மூன்று மாதத்தில் ஆமை தேறியது. அந்த டிசம்பரில் எனக்குப் படியேறினால் முழங்கால் வலி, விடிந்தால் இடுப்புவலி. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 9 என்று வந்தது. 20க்குக் கீழே போனாலே குறைபாடாம்.

"என்ன சாப்பிடுறீங்கம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

ஆமைக்கு என்றால் கிழமை வாரியாகச் சொல்லியிருப்பேன். என் தட்டில் முந்தின நாள் என்ன இருந்தது? மகன் மிச்சம் வைத்த தோசை. அடிச்சட்டி ரசம். நின்றுகொண்டே குடித்த காபி. மதுரையில் அயிரை விற்கும் விலைக்கு, வீட்டில் மீன் ஆண்களுக்கு, குழம்பு எனக்கு. ஆமைக்குப் பச்சையாக ஆறு மீன் எண்ணி எடுத்துவைப்பேன், எனக்கென்று ஒன்றுகூட எடுத்ததில்லை.

"வெயில் படுதா?"

மதுரையில் கேட்கிற கேள்வியா என்று சிரித்தேன். பிறகு யோசித்தேன். எங்கள் கல்லூரியில் பெண் ஆசிரியர்கள் சேலைக்கு மேல் கோட்டு போடவேண்டும், கழுத்திலிருந்து மணிக்கட்டுவரை. ஆண் ஆசிரியர்களுக்கு அது இல்லை. வெயில் ஏறுமுன் உள்ளே போய், சாய்ந்தபின் வெளியே வருகிறேன். என் தொட்டியும் சன்னலோரம்தான்.

கோட்டு பற்றி ஆசிரியர் கூட்டத்தில் பேசினேன். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். விடுமுறை நாட்களில் பத்து மணிக்கு இரண்டு பேரும் மொட்டைமாடி. தொட்டியில் பாதிக்கு நிழல் வேண்டும். எங்கள் வெயிலுக்குக் கொஞ்சத் தண்ணீர் சீக்கிரம் சுட்டுவிடும். அதனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், சேலையை முழங்கால்வரை ஏற்றிவிட்டு. எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

போன ஞாயிறு அயிரைக் குழம்பு. பரிமாறுவதற்கு முன் ஒரு கிண்ணத்தில் மீனை அள்ளி மூடிவைத்தேன். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமைக்கா?"

"எனக்கு அத்தை."