வாழைநாரும் கேன்சர் மருந்தும்

தேரடி வீதியில எங்க அம்மாவுக்குப் பூக்கடை. பௌர்ணமின்னா கிரிவலக் கூட்டம், மூச்சு விட நேரமிருக்காது. நானும் உக்காந்து கட்டுவேன். (எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்கிறவன் பூ கட்டுறானான்னு சிரிக்காதீங்க மக்கா!) அம்மாவுக்கு இன்னும் வாழைநார்தான். பூ வாடினா நாரும் மக்கிடும்.

மூணு வருஷம் முன்னாடி அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். சென்னையில கீமோ. முடியெல்லாம் கொட்டிப் போச்சு. ஒருநாள் கேட்டாங்க: "கட்டி இருக்கறது ஒரு எடத்துல. மருந்தை அங்க மட்டும் அனுப்ப முடியாதாடா?" வேகமா பெருகற செல்லையெல்லாம் அந்த மருந்து அடிக்கும், முடிவேரும் அதுல ஒண்ணுன்னு சொன்னேன். பாதி பதில்தான்.

மீதி, இந்த செமஸ்டர் பாலிமர் பாடத்துல கிடைச்சுது. பாலிமர்னா கிரிவலப் பாதையில பறக்கிற பிளாஸ்டிக் கவர் மட்டும் இல்லீங்க. உடம்புக்குள்ளயே கரையறதும் இருக்கு. பாலிலாக்டிக் அமிலம் அப்படித்தான். கரைஞ்சா மிஞ்சறது தயிர்ல இருக்கற லாக்டிக் அமிலம். அந்தச் சங்கிலியை நார்னு வெச்சுக்கோங்க, மருந்துதான் பூ. ஆனா அது வழவழ நார். பக்கவாட்டுல வெறும் மெத்தில் தொகுதி, எதையும் கட்ட முடியாது.

1993ல எம்.ஐ.டி.யில ராபர்ட் லாங்கர் குழு நடுநடுவே லைசின்ங்கற அமினோ அமிலத்தைச் சேர்த்தாங்க. பக்கத்துல ஒரு அமீன் தொகுதி நீட்டிக்கிட்டு நின்னுது. முடிச்சு போட இடம் வந்தாச்சு! இறால் ஓட்டுல இருந்து தயாரிக்கற கைட்டோசான்ல இந்த அமீன் வரிசையாவே இருக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனத்துல 1990கள்லயே அதுல மருந்து உருண்டை செஞ்சு ஆராய்ஞ்சிருக்காங்க.

ஒரு முடிச்சுல மருந்து, இன்னொண்ணுல கீரையில கிடைக்கற ஃபோலேட் மாதிரி ஒண்ணு. சில புற்றுநோய் செல்கள் அதை அள்ளி உள்ள இழுத்துக்கும். உள்ள இருக்கற அமிலத்துல முடிச்சு அவிழணும், மருந்து உதிரணும், நார் மக்கணும். இதான் திட்டம்.

கேக்க சுலபம். ஆனா பாலிகுளுட்டாமிக் அமிலத்துல பாக்லிடாக்சலைக் கட்டின ஒரு மருந்து, 2005ல நுரையீரல் புற்றுநோய்க்கான பெரிய சோதனைகள்ல வழக்கமான மருந்தை ஜெயிக்கல.

அம்மாகிட்ட சொன்னேன். "இறுக்கினா பூ நசுங்கும், தளர்த்தினா கோயில் போறதுக்குள்ள உதிரும். இது தெரியாதா?"ன்னாங்க. மொத்த சேப்டரும் ஒரே வரியில!

அத்தைக்கு இப்ப முடி வளர்ந்துடுச்சு. செக்கப் மட்டும் போறாங்க. போன பௌர்ணமிக்கு கடைக்கு வந்தப்ப மீதி பதிலைச் சொன்னேன்: "அனுப்பலாம் அத்தை. முடிச்சு போடத்தான் இன்னும் கத்துக்கிட்டிருக்காங்க."

ஒரு முழம் மல்லியைத் தலையில வெச்சுக்கிட்டே சொன்னாங்க: "நீயும் சீக்கிரம் கத்துக்கோடா."