படியெடுத்தலும் பாடபேதமும்

வீட்டிலுள்ள ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு கோப்பை அனுப்புவது எளிது. முப்பத்தெட்டாயிரம் கோப்புகளை அனுப்புவது அதே வேலையன்று. அது சுவடி பெயர்ப்பது போன்றது. ஏடு பார்த்து ஏடெழுதியவர்களுக்கு நேர்ந்த இடர்களில் பெரும்பாலானவை இங்கும் நேர்கின்றன. கணினிக்காரர் பாடு என்று தமிழ் படித்தவர்கள் இதை ஒதுக்கிவிடலாகாது என்பதால் எழுதுகிறேன்.

பெயர்க்க வேண்டியிருந்தவை இவை: திருவையாறு, பாபநாசம், ஒரத்தநாடு வட்டாரங்களில் மாணவர்கள் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்த நடவுப் பாட்டுகள், தாலாட்டுகள், ஒப்பாரிகள், அவற்றின் எழுத்துப்படிகள், நிழற்படங்கள். நடவு இயந்திரம் வயலில் இறங்கியபின் பாட்டு அருகிவிட்டது. பாடிய மூதாட்டியர் பலர் இன்று இல்லை. பழைய மேசைக்கணினியின் வன்தட்டு கரகரக்கத் தொடங்கியதும், எல்லாவற்றையும் புதிய மடிக்கணினிக்கும், மகன் லினக்ஸ் நிறுவி வைத்திருக்கும் இன்னொரு பெட்டிக்கும் மாற்ற வேண்டியதாயிற்று.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்கோப்புகளின் பெயர்கள் நீளமானவை. பாட்டின் முதலடி, பாடியவர் பெயர், ஊர், தெரு, ஆண்டு எல்லாம் பெயரிலேயே உண்டு. சுவடியின் கடைசி ஏட்டில் எழுதினவர் பெயரும் நாளும் குறிக்கப்பட்டிருக்குமே, அது போல. பெயர் அறுந்தால் பாட்டு எஞ்சும், பாடினவள் போய்விடுவாள்.

முதலில் கம்பி விஷயம். தஞ்சைப் பழைய வீடுகளின் சுவர்ப் பருமனுக்குக் கம்பியில்லா இணைப்பு ஈடுகொடுப்பதில்லை; நடுவில் அறும், 'பிணையப் பெயர் கிடைக்கவில்லை' என்று நிற்கும். கம்பியே நல்லது. கிகாபிட் வேகத்துக்குக் கம்பியின் நான்கு இணைகளும் வேண்டும். நூறு மெகாபிட்டுக்கு இரண்டே போதும். எனவே எலி ஓர் இணையைக் கடித்திருந்தாலும், அது அவ்விரண்டில் ஒன்றாக இல்லாவிட்டால் இணைப்பு இருக்கக்கூடும், வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகும். கணினி உறக்கநிலைக்குப் போகாதபடியும் அமைத்துவிட வேண்டும். இவை யாருக்கும் நேர்பவை. தமிழுக்கென்றே தனியாக நேர்பவை வேறு.

விண்டோசில் ஒரு கோப்பின் முழு முகவரி, அதாவது தட்டின் எழுத்திலிருந்து கோப்பின் பெயர்வரை, மரபாக 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும். மூலக் கணினியில் தட்டின் தலையிலேயே இருந்த அடைவை, புதிய கணினியில் பயனர் பெயருக்குள் ஆவணங்களுக்குள் பழையனவுக்குள் என்று ஆழத்தில் வைத்தால், அங்கே சரியாயிருந்த பெயர் இங்கே வரம்பு மீறுகிறது. 2016இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் இவ்வரம்பைத் தளர்த்த வழியுண்டு. ஆயினும் எல்லா மென்பொருளும் அதற்கு இசைவதில்லை. இலக்கை மேலே கொண்டுவருவதே எளிய மருந்து.

லினக்சின் கணக்கு வேறு. அங்கே முகவரி மிக நீளலாம். ஆனால் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகலாகாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. ஒருங்குறித் தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று. 'தஞ்சாவூர்' என்பது நமக்கு ஐந்தெழுத்து. கணினிக்கோ புள்ளியும் காலும் தனித்தனி ஆகையால் ஒன்பது குறி; லினக்சில் இருபத்தேழு பைட்டு. ஆக, தமிழில் பெயரிடுபவருக்கு அங்கே கிடைப்பது 85 குறிகள்தாம். விண்டோசில் இடையூறின்றி இருந்த நூற்றுக்கணக்கான பெயர்கள் மகனின் பெட்டி வாசலில் மறிக்கப்பட்டன. வீடுகளில் இப்போது வாங்கிவைக்கும் வலைச்சேமிப்பகப் பெட்டிகள் பலவற்றுள்ளும் ஓடுவது லினக்சே என்பதால், இது என் வீட்டுச் சிக்கல் மட்டுமன்று.

தலைப்பெழுத்துகளின் கதை இன்னும் சுவையானது. 'உ.வே.சா.' என்று லினக்சில் ஓர் அடைவு செய்யலாம். விண்டோஸ் ஒரு பெயரின் இறுதிப் புள்ளியை ஏற்பதில்லை; தானே சூட்டும்போது சொல்லாமல் நீக்கிவிடும், வெளியிலிருந்து வந்தால் திறக்க மறுக்கும். மு.வ., ந.மு.வே. யாவர்க்கும் இதே கதி. கேள்விக்குறியும் ஆகாது. 'யார் பாடியது?' என்று கைப்பேசியில் பெயரிட்ட கோப்பு விண்டோசுக்குள் நுழையாது.

நிற்க. இவையெல்லாம் கூவி நிற்கும் பிழைகள். கூவாத பிழை ஒன்று உண்டு; தமிழாசிரியன் வியக்க வேண்டியது அதுவே. 'கொ' என்பதை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம்: ககரத்தோடு ஒகர உயிர்க்குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாக. கண்ணுக்கு வேற்றுமையில்லை. கணினிக்கு இரண்டும் இருவேறு பெயர்கள். ஆப்பிள் கணினிகளில் 2017வரை வழக்கிலிருந்த கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே எழுதிவைக்கும். அங்கிருந்து பொதியாகக் கட்டி வந்தவற்றில் கொம்பும் காலும் பிரிந்தே இருந்தன. விளைவு, ஒரே அடைவில் 'கொல்லை' என்று தொடங்கும் ஒரே பெயர் இருமுறை. இரண்டு கணினிகளையும் ஒப்பிட்ட மென்பொருளோ, இங்கிருப்பது அங்கில்லை, அங்கிருப்பது இங்கில்லை என்றது.

சுவடியில் இதன் மறுதலை. ஏட்டில் காலும் ரகரமும் ஒரே வடிவம், குறில் நெடிலுக்குக் கொம்பில் வேறுபாடில்லை, புள்ளி இடுவதில்லை. கொம்பு, ககரம், கால் என மூன்று கீற்றுகளைக் கண்டவன் கொ, கோ, கெர, கேர என்று குறைந்தது நான்காகப் படிக்கலாம். அங்கே ஒரு வடிவுக்குப் பல பாடம். இங்கே ஒரு பாடத்துக்கு இரு வடிவம். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை வைத்து ஒப்புநோக்கியதன் காரணம், எந்த ஏடும் தன் பிழையைத் தானே சொல்லாது என்பதே.

கணினியும் சொல்லாது. கோப்பின் முழு அளவுக்கும் இடத்தை முன்னரே ஒதுக்கிவிட்டு, பிறகு நிரப்பும் முறை உண்டு. நடுவில் மின்சாரம் போனால், அளவைப் பார்த்தால் முழுமை. கேட்டால் இரண்டாம் கண்ணிக்குப்பின் மௌனம். ஆகவே எண்ணிக்கையும் அளவும் ஒத்தன என்று மனநிறைவு கொள்ளலாகாது. ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் ஷா-256 முறையில் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணித்து, இரு புறத்தையும் ஒப்பிட வேண்டும். ஒரு பிட்டு மாறினாலும் எண் அடியோடு மாறும். உ.வே.சா.வுக்குக் கிட்டாத வசதி. பொருள் தெரியாமலே ஒப்புநோக்கிவிடும்.

விண்டோசோடு வரும் ரோபோகாப்பி இவ்வேலைக்குத் தக்கது. நீண்ட முகவரிகளைத் தாங்கும், விட்ட இடத்திலிருந்து தொடரும், பதிவேடு எழுதும். அதை ஒருங்குறியில் எழுதச் சொல்ல வேண்டும், இல்லையேல் தமிழெல்லாம் கேள்விக்குறியாகும். தோற்ற கோப்பைப் பத்து இலட்சம் முறை, முறைக்கு முப்பது வினாடி காத்து, மீண்டும் முயல்வது அதன் இயல்பு. கணக்கிட்டால் ஒரே கோப்புக்கு 347 நாள்! சாகக் கிடக்கும் தட்டை அப்படிச் சுரண்டுவது கொலை. ஒரே முறை என்று மாற்றிவிட்டு, ஈடற்றவற்றை முதலில் எடுக்க வேண்டும்.

கடைக்காரத் தம்பி, "பெயரையெல்லாம் சுருக்கிடுங்க சார், எண் போதும்" என்றார். பாதி ஒப்புக்கொண்டேன். கோப்புக்கு எண்ணும் ஊரும் மட்டும். முழுப் பெயர் ஒலிக்கோப்பின் உட்குறிப்பிலும், அடைவுதோறும் ஒரு படி வைத்த அட்டவணையிலும். அட்டவணை ஓரிடத்தில் மட்டும் இருந்தால் முதலேடு செல்லரித்த சுவடி கதைதான். எல்லாவற்றின் மூன்றாம் படி திருச்சியில் உறவினர் வீட்டில் இருக்கிறது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் அடித்து ஒரத்தநாடும் பட்டுக்கோட்டையும் இருண்டு கிடந்ததைப் பார்த்தவர்கள், எல்லாப் படிகளையும் ஒரே ஊரில் வைக்கமாட்டார்கள்.

சரிபார்த்தபின் பதினொரு கோப்புகள் தேறவில்லை, தட்டிலேயே பழுது. ஒன்பதுக்கு வேறிடத்தில் படிகள் கிடைத்தன. ஒன்று நிழற்படம், போகட்டும். மற்றது ஓர் ஒப்பாரி. அதன் ஒலிநாடா, பாடியவரின் பேத்தி வீட்டுப் பரணில் இருக்கக்கூடும் என்று பதிவுசெய்த மாணவர் சொல்கிறார். சம்பா அறுவடை முடிந்ததும் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.