நாலு வரி கீழே

ஐஸ்கிரீமில் சீனிக்கு இரண்டு வேலை. ஒன்று இனிப்பு, அது எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று, பாலிலுள்ள தண்ணீர் மொத்தமும் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. சீனியைக் குறைத்தால் கரண்டி இறங்காது. கொழுப்பையும் சேர்த்துக் குறைத்தால் பாறைதான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. சுங்கை பட்டாணியில், எங்கள் தாமான் வீட்டு அடுப்படியில், எவர்சில்வர் தட்டில் உறைந்து கிடந்ததைக் குழவியால் தட்டி உடைத்துத் தெரிந்துகொண்டேன்.

போகப் போகக் கை பழகிவிட்டது. பால்காரரிடம் வாங்கிய மாட்டுப் பாலை உறை ஊற்றி, ஒரு கிலோ தயிரை மல் துணியில் கட்டி, ஐஸ்பெட்டிக்குள்ளேயே ராத்திரி முழுக்கத் தொங்கவிடுவேன். தண்ணீர் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு நல்லது. பிறகு ஐஸாக மாற அங்கே தண்ணீர் குறைவாகத்தான் இருக்கும். அந்தக் கட்டித் தயிரோடு கொழுப்பு நீக்கிய பால் மாவு 50 கிராம், நான் ஜிம்முக்குப் போகும் ஆசையில் வாங்கி வைத்திருந்த வே புரதத்தூள் ஒரு கரண்டி, நன்றாகக் கனிந்த பீசாங் பெராங்கான் இரண்டு, கொக்கோ, இரண்டு மேசைக்கரண்டி கச்சான் விழுது. சீனிக்குப் பதில் ஒரு சிட்டிகை ஸ்டீவியா. எல்லாவற்றையும் அடித்துத் தட்டில் மெல்லிசாக ஊற்ற வேண்டும். மெல்லிசாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் உறைந்தால் ஐஸ் பொடிப்பொடியாக நிற்கும், நாக்கில் மணல் மாதிரி நெருடாது. பாதி உறைந்ததும் எடுத்து ஒருமுறை அடித்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். வாழைப்பழம்தான் இதில் கெட்டிக்காரன். இனிப்பும் அவன், வழவழப்பும் அவன்.

கிண்ணத்துக்கு 25 கிராமுக்குக் குறையாமல் புரதம். கூலிம் ஹைடெக் பார்க்கில் என்னோடு வேலை செய்கிறவர்கள் செய்முறை கேட்டார்கள். நான் கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

இத்தனையும் அப்பாவுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். அப்பா பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் சீவியவர். கித்தா போய்ச் செம்பனை வந்தபோது குலை அறுத்தார். முதுகு போன பிறகு என்னோடு வந்துவிட்டார். சம்பள நாளில் லயத்துக்கு மோட்டார் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வரும் ஐஸ்கிரீம்காரரை அவருக்கு இன்னும் பெயரோடு ஞாபகம் இருக்கிறது. அதற்கும் முன்னால், அவர் சின்னப் பையனாக இருந்தபோது, பலகையில் பதித்த கத்தியில் ஐஸைச் சீவி, உருண்டை பிடித்து, சிவப்புச் சீனிப்பாகை ஊற்றிக் கையில் கொடுப்பார்களாம். முழங்கை வரை ஒழுக ஒழுக உறிஞ்சுவார்களாம். இனிப்புநீர் வந்து பதினைந்து வருஷம் கழித்தும் எங்கள் ஐஸ்பெட்டியில் கெம்போங் மீன் பொட்டலத்துக்குப் பின்னால் ஒரு சோள ஐஸ்கிரீம் டப்பா பதுங்கியிருக்கும்.

ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்து, டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினேன். சீனி, குளுக்கோஸ் சிரப், தாவரக் கொழுப்பு.

“தாவரக் கொழுப்புன்னா என்னாய்யா?”

“பெரும்பாலும் நம்ம செம்பனை எண்ணெய்தான்பா.”

“நான் அறுத்துப் போட்டதுதானே. தெரிஞ்ச சரக்குதான், விடு.”

விடுவேனா? கெடாவில் அடுத்தவர் வாயைக் காவல் காப்பது எங்களுக்குப் பழக்கமான வேலை. 1947 வாக்கில் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமியின் தொண்டர் படை பீடோங் வட்டாரக் கள்ளுக்கடைகளின் முன்னால் மறியலுக்கு நின்றதைத் தாத்தா காலத்து ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவர்கள் செய்தது பெரிய காரியம். நான் மறித்தது ஒரு சோள ஐஸ்கிரீமை. ஆனாலும் நெஞ்சு அதே அளவுக்கு நிமிர்ந்திருந்தது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர்; இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள் நாம்தான் முன்னால் நிற்கிறோம். இந்தக் கணக்கையெல்லாம் அப்பாவிடம் ஒப்பித்தேன். அவர் சோள டப்பாவை என்னிடமே கொடுத்துவிட்டார்.

மத்தியானம் ஒரு கிண்ணம், ராத்திரி ஒரு கிண்ணம். அப்பா மறுப்பு சொல்லாமல் சாப்பிட்டார். கிளினிக்கில் ரத்தம் எடுத்தபோது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, அந்த எச்பிஏ1சி, 9.2 ஆக இருந்தது அடுத்த முறை 8.1 ஆனது. அதற்கடுத்த முறை 7.1. ஒவ்வொரு தாளிலும் அந்த எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டு ஃபைலில் வைத்தேன். ஒரு தாளைப் படமெடுத்துக் குடும்பக் குழுவுக்கும் அனுப்பினேன். ஜொகூரிலிருக்கும் தங்கை கைதட்டும் பொம்மைகளாக அனுப்பித் தள்ளினாள். பக்கத்து வீட்டு அக்கா, கோயில் கமிட்டி அண்ணன் என்று தாமானில் பாதிப் பேருக்குச் செய்முறை போய்விட்டது.

இதற்கிடையில் அப்பாவின் கால் வீங்க ஆரம்பித்தது. உட்கார்ந்தே இருக்கிறார், அதனால்தான் என்றேன். உடம்பெல்லாம் அரிக்கிறது என்றார். சோப்பை மாற்றினேன். படியேறும்போது தொடை துவள்கிறது, பலமே இல்லை என்றார். வயசானால் தசை கரையும், அதற்குத்தான் புரதம் என்று இன்னொரு கரண்டித் தூளைச் சேர்த்தேன். இதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. பலமில்லை என்று சொன்னவருக்குத்தான் கூட்டிக் கொடுத்தேன்.

வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குப் போய் வந்த அன்று சாயங்காலமே கிளினிக்கிலிருந்து மிசி கூப்பிட்டார். பொட்டாசியம் 6.3, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றார். 5-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 6-ஐத் தாண்டினால் இதயம் எந்த நேரமும் தாளம் தப்பலாம் என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். பொட்டாசியம்தானே, நல்ல சத்தாச்சே என்று காடி ஓட்டிக்கொண்டே நினைத்தேன்.

அவசரப் பிரிவில் நெஞ்சில் ஒயரை ஒட்டி இதயத் துடிப்பைப் பார்த்தார்கள். இதயத்தைக் காக்க முதலில் கால்சியம் ஏற்றினார்கள். அடுத்து இன்சுலின். ரத்தத்திலுள்ள பொட்டாசியத்தை அது செல்களுக்குள் தள்ளிவிடுமாம். இன்சுலினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடாமலிருக்க, கூடவே பெரிய ஊசிக்குழாயில் 50 மில்லி குளுக்கோஸ். பாதிக்குப் பாதி சீனித் தண்ணீர், நேராக நரம்பில். டாக்டர் அதை மெதுவாக அழுத்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாதக்கணக்கில் ஒரு கரண்டி சீனியைக்கூட அண்டவிடாமல் நான் காவல் காத்த உடம்பு அது.

அப்பா தலையைத் திருப்பி, “என்னாய்யா ஏத்துறாங்க?” என்றார். “மருந்துப்பா” என்றேன்.

இரண்டு நாள் கழித்து வார்டில் உணவு ஆலோசனை சொல்லும் மலாய்ப் பெண்மணி ஒருவர் வந்தார். சின்ன வயசு. வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். சோறு, மீன், கீரை என்று வேகமாகச் சொல்லி முடித்துவிட்டு, எனக்குப் பிடித்த பகுதிக்கு வந்தேன். வீட்டிலேயே ஐஸ்கிரீம் செய்கிறேன், சீனியே கிடையாது என்றேன். சர்க்கரை 9.2-லிருந்து 7.1-க்கு இறங்கியதையும் சொன்னேன். கண்டிப்பாகப் பாராட்டுவார் என்று நினைத்தேன்.

அவர் ஒரு தாளில் இரண்டு கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்தார். “என்னென்ன போடுவீங்க, ஒவ்வொண்ணாச் சொல்லுங்க” என்றார்.

தயிர் என்றேன். எழுதினார். இரண்டாவது பத்தியில் ஒரு சரி, மூன்றாவதில் ஒரு சரி. பால் மாவு, இரண்டு சரி. வாழைப்பழம் என்றதும் நிமிர்ந்து, எத்தனை என்று கேட்டுவிட்டு, ஒரே பத்தியில் இரண்டு சரி போட்டார். கொக்கோ, இரண்டு. கச்சான், இரண்டு. சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. எதற்கு இந்தச் சரி என்று கேட்கவும் வாய் வரவில்லை. இரண்டாவது பத்தி பொட்டாசியம், மூன்றாவது பாஸ்பரஸ் என்று அவரே சொன்னார். ஒன்றையாவது விட்டுவைத்திருக்கிறேனா என்று பார்த்தேன். ஸ்டீவியா மட்டும் தப்பித்திருந்தது.

பிறகு புரதக் கணக்கு. அப்பா 60 கிலோ. இந்த நிலையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 48 கிராம்தான். என் இரண்டு கிண்ணத்திலேயே அது முடிந்துவிட்டது. மீனும் பருப்பும் முட்டையும் அதற்கு மேல்.

“எந்த நிலையில்?” என்று கேட்டேன்.

அவர் என் ஃபைலை வாங்கினார். பழைய பரிசோதனைத் தாள்களை வரிசையாகக் கட்டில்மேல் பரப்பினார். மூன்றிலும் ஒரே இடத்தில் என் சிவப்பு வட்டம். அவர் பேனா வட்டத்திலிருந்து நேராக இறங்கி, நாலு வரி கீழே நின்றது. இஜிஎஃப்ஆர், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்கிற கணக்கு. முதல் தாளில் 38. இரண்டாவதில் 31. மூன்றாவதில் 24. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அச்சிலேயே ஒரு நட்சத்திரக் குறி. 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தாலே சிறுநீரக நோய். 30-க்குக் கீழே போனால் நான்காம் கட்டம். அந்தத் தாள்களை எத்தனை முறை கையில் எடுத்திருப்பேன்! படம்கூட எடுத்தேனே. தங்கைக்கு அனுப்பிய படத்தைக் கைப்பேசியில் திறந்து பார்த்தேன். அதிலும் 24 தெளிவாகத்தான் இருந்தது.

டாக்டர் வந்தபோது, சர்க்கரையாவது குறைந்ததே என்று மெல்லச் சொன்னேன். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே! அவர் கோபப்படவில்லை. இன்சுலினைக் கழித்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு, அது பழுதானால் இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்கும், சர்க்கரை தானாகவே இறங்கும் என்றார். சிறுநீரகக் கோளாறோடு வரும் ரத்தசோகை இருந்தால் அந்த எண் இன்னும் குறைவாகக் காட்டவும் கூடும். நான் வட்டமிட்டுக் கொண்டாடிய 7.1-இல் ஐஸ்கிரீமின் பங்கு எவ்வளவு, சிறுநீரகம் தோற்றுப்போன பங்கு எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சிறுநீரகம் பல வருஷமாகவே கெட்டுக்கொண்டிருந்தது, ஐஸ்கிரீம்தான் கெடுத்தது என்று சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொன்னார். அது எனக்குப் போட்ட பிச்சை. ஆனால் பொட்டாசியம் 6.3-க்கு அப்படி யாரும் சலுகை தரவில்லை. அப்பா ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் பெரிண்டோபிரில் பொட்டாசியத்தைக் கொஞ்சம் தேக்கும் மாத்திரை. அதன் தலையில் நான் தினமும் வாழைப்பழத்தையும் பால் மாவையும் கொட்டிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது அந்தப் பெண்மணியிடம், கடையில் விற்கும் சோள ஐஸ்கிரீம் சாப்பிடலாமா என்று அப்பா நேரடியாக மலாயில் கேட்டார். எப்போதாவது சின்னக் கரண்டி ஒன்று, சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டு, என்றார் அவர். உங்கள் மகன் செய்ததைவிடச் சிறுநீரகத்துக்கு அது தேவலை, அதில் பால் எங்கே இருக்கிறது என்று சிரித்தார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. அவர் நல்ல மனுஷன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. கொடுத்த செய்முறையைத் திரும்ப வாங்க வேண்டும். கொடுக்கும்போது கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டினால் போதுமாக இருந்தது. வாங்குவதற்கு வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. கிட்னி நன்றாக இருக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது, இனிப்புநீர்க்காரர்கள் மட்டும் முதலில் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் ஒப்பித்தேன். இந்நாட்டில் டயாலிசிஸுக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிக்கு மேல் இனிப்புநீர்க்காரர்கள்தான். கோயில் கமிட்டி அண்ணன், “நீதானய்யா நல்லதுன்னே!” என்றார். பக்கத்து வீட்டு அக்கா உள்ளே போய்த் தன் வீட்டுக்காரரின் கிளினிக் புத்தகத்தையே கொண்டுவந்து நீட்டினார். அதில் சர்க்கரை மட்டுமே எழுதியிருந்தது. கிட்னிக்கு ரத்தமும் சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனையும் கேட்டு எடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். எடுத்தாரா என்று பிறகு போய்க் கேட்டேன். எடுத்திருந்தார். அவருக்கு இஜிஎஃப்ஆர் 71.

அப்பாவுக்கு அடுத்த வருஷம் டயாலிசிஸ் ஆரம்பித்தது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். விடியுமுன் எழுந்து பழகியவர் என்பதால் காலைப் பிரிவையே கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த நிலையத்தில் முதல் வாரமே உணவு ஆலோசனைக்கு உட்கார வைத்தார்கள். இந்த முறை நான் நோட்டுப் புத்தகத்தோடு போனேன், வாயைத் திறக்கவில்லை.

டயாலிசிஸில் புரதம் வெளியேறிவிடும், அதனால் இனிமேல் கிலோவுக்கு 1.0-லிருந்து 1.2 கிராம் வரை சாப்பிட வேண்டும் என்றார் அங்கிருந்தவர். முட்டை வெள்ளை நல்லது, பாஸ்பரஸ் குறைவு. பால், தயிர் அளவோடு. ஐஸ்கிரீம் சாப்பிட்டால் அதையும் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும், உருகினால் தண்ணீர்தானே. ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே வந்தவன், எழுதிய மட்டும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, “முட்டை வெள்ளையை வேகவச்சு அடிச்சு உறைய வச்சா...” என்று ஆரம்பித்தேன்.

அப்பா நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தார். “மிசி, இவன்கிட்ட எழுதிக் குடுக்காதீங்க. எங்கிட்டயே குடுங்க.”